வினாசுரனின் மூன்றாம் பதிப்பு

அமெரிக்காவிலிருந்து வந்த புத்தகத்தில் அசுர அரசர்கள் இல்லை. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

தொண்ணூற்றிரண்டில் ஜம்பு புனேயில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். நியூஜெர்சியில் இருந்த அத்தையிடம் ஒரு ஆட்டத்துக்கான விதிப் புத்தகம் கேட்டு எழுதினான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேசியே ஆடுகிற ஆட்டம் அது. ஒருவர் நடுவர். வழியில் என்ன எதிர்ப்படுகிறது என்று அவர் சொல்வார். திருடனும் பூசாரியும் போர்வீரனுமாக உட்கார்ந்திருப்பவர்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

அத்தை புத்தகத்தை அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பார்த்தாள். நடுவில் கொம்பும் வாலுமாக ஒரு அத்தியாயமே இருந்தது. படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அந்த அத்தியாயத்தை அப்படியே கிழித்துக் குப்பையில் போட்டாள். ‘அசிங்கமான படங்களை எடுத்துவிட்டேன். மீதியை நன்றாகப் படித்து நல்ல மார்க் வாங்கு’ என்று ஒரு சீட்டும் வைத்திருந்தாள். அதைப் பாடப்புத்தகம் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

மிச்சமிருந்த பக்கங்கள் எல்லாம் அசுர அரசர்களைப் பற்றியே பேசின. இந்தக் கத்தி இன்ன அரசனை மட்டும் வெட்டும், இந்தப் பாதை இன்ன அரசனின் கோட்டைக்குப் போகும். ஆனால் அந்த அரசர்கள் யார், எப்படியிருப்பார்கள் என்பது மட்டும் நியூஜெர்சிக் குப்பையோடு போய்விட்டது. ஆகவே ஜம்புவும் கூட ஆடிய நண்பர்களும் தாங்களே அரசர்களை உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஜம்பு எழுதியவன் குருமாசுரன். ஹாஸ்டல் மெஸ் மேனேஜரைப் பார்த்து எழுதியது. அவன் தொட்ட பண்டமெல்லாம் ஒரே ருசியாகிவிடும். சேஷுவின் அரசனுக்கு மதியேசுரன் என்று பெயர். புனே லக்ஷ்மி ரோடு கடைக்காரர்களைப் போல மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கோட்டையைச் சாத்திக்கொண்டு தூங்குவான். அந்த நேரத்தில் இந்திரனே வந்தாலும் கதவு திறக்காது. பாத்திமாவின் அரசி மீட்டர் மோகினி ஆட்டோவில் திரிவாள். எங்கே போகவேண்டும் என்று சொன்னாலும் ‘அங்கே வரமாட்டேன்’ என்பாள்.

பார்கவி எழுதியவன் வினாசுரன். ஒரு கோட்டை வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். வாளில்லை, வேலில்லை, மடியில் ஒரு குடை மட்டும் உண்டு. பகடைகூட உருட்டமாட்டான். வருகிறவர்களைக் கேள்வி கேட்பான். எங்கே போறே, யாரோட போறே, எப்போ திரும்புவே. எந்தப் பதில் சொன்னாலும் அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். அவனிடம் கேள்வி தீர்ந்துபோனால் அவன் வீழ்வான் என்பது விதி. தீர்ந்ததேயில்லை. கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்கவி எழுதவேயில்லை. யாராவது உள்ளே போனால்தானே எழுத.

தொண்ணூற்றுமூன்றில் இதெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, ஸ்பைரல் போட்டு, முதல் பதிப்பாக வெளிவந்தது. மற்றக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போனார்கள். கூடவே ஒரு வழக்கமும் உண்டாயிற்று. ஒரு அரசனை எழுதியவர்தான் மேசையில் அவனாக உட்காரவேண்டும். மேசையில் வீழ்ந்த அரசன் அடுத்த பதிப்பில் இருக்கமாட்டான். மதியேசுரன் வீழ்ந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் பாத்திமாவின் திருடி கதவிடுக்கில் காலை வைத்துவிட்டாள், கோட்டையைச் சாத்த முடியவில்லை. சேஷு இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை.

ஹரிபிரசாத் தொண்ணூற்றைந்தில் சென்னையிலிருந்து புனேயை அடுத்த சாகணுக்கு வேலைக்கு வந்தவன். ஜம்பு கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனான். அவன் எடுத்த வேடம் போர்வீரன். முதல் நாளே வினாசுரனிடம் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை பதில் சொன்னான். இத்தனை பொறுமையாகப் பதில் சொல்கிறவனை விடக்கூடாது என்று பார்கவி அன்றே முடிவு செய்ததாகப் பிறகு சொன்னாள்.

தொண்ணூற்றேழில் இரண்டாம் பதிப்பு. குருமாசுரன் போய்விட்டான், மதியேசுரன் போய்விட்டான். வினாசுரன் இருந்தான். இந்த முறை பார்கவி படமும் போட்டிருந்தாள்.

மறு வருடம் ஹரி பெண் கேட்டுத் தாபோடியில் பார்கவியின் வீட்டுக்குப் போனான். பார்கவியின் அப்பா கோவிந்தராஜன், ராணுவ அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டெண்ட். வாசல் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குடை. அப்போதுதான் ஹரிக்கு வினாசுரன் யார் என்று புரிந்தது.

சாகணில் என்ன வேலை, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, அங்கே பாம்பு உண்டாமே, பஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று ஆரம்பித்து அவர் அவனுடைய தாத்தாவின் இருமல் வரை போனார். கடைசியில், “அவளுக்கு ஒரு ரசம்கூட வைக்கத் தெரியாது, தெரியுமோ?” என்றார்.

“எனக்கு வைக்கத் தெரியும், மாமா” என்றான் ஹரி.

கோவிந்தராஜன் அவனையே பார்த்தார். அடுத்த கேள்வி வரவில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து காபி வந்தது.

“அப்பா வாயடைச்சுப் போனாரா?” என்று பார்கவி பிறகு திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். “ஹரி, இதை மட்டும் ஜம்புகிட்ட சொல்லிடாதே. சேஷு காதுல விழுந்தா அடுத்த ஞாயித்துக்கிழமையே என் ராஜாவைக் காலி பண்ணிடுவான்.”

ஹரி யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்தொன்றில் பார்கவிக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஹரி வேலைக்குப் போனான், வந்தான். ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் போகவில்லை. சனிக்கிழமை மட்டும் தாபோடிக்குப் போய் மாமியார் விசாலம் கையால் சாப்பிடுவான். கோவிந்தராஜன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். “வாங்கோ மாப்பிள்ளை” என்பார். அவ்வளவுதான்.

“அவர் இப்போல்லாம் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்லை” என்று விசாலம் குறைப்பட்டுக்கொண்டாள். “கேஸ்காரன் சிலிண்டரைப் போட்டுட்டு அவன் பாட்டுக்குப் போறான். சீல் இருக்கா, எடை சரியான்னு ஒரு வார்த்தை கேக்கலை. அந்தக் கடன்காரனே என்கிட்ட வந்து ‘பாபாவுக்கு உடம்பு சரியில்லையா’ன்னு விசாரிக்கறான்.”

இரண்டாயிரத்துமூன்றில் மும்பைப் பதிப்பாளர் ஒருவர் ஜம்புவைத் தேடி வந்தார். ஜெராக்ஸ் ஜெராக்ஸாகக் கைமாறி ஆட்டம் அவர் மகன்வரை போயிருந்தது. வண்ண அட்டை போட்டு முறையாக அச்சடிக்கலாம் என்றார். மூன்றாம் பதிப்பு. அடுத்த வாரம் எல்லாம் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜம்பு சாகண் பேக்டரி வாசலுக்கே வந்துவிட்டான்.

“ஹரி, வினாசுரன் விஷயம்.”

“போடு.”

“போட முடியாதேடா. ரூல் இருக்கே.”

ரூல் இருந்தது. சேஷு மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் தன் புது அரசனை மட்டும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் நடுவில் ஒரு தடவையாவது மேசைக்கு வராத அரசன் புத்தகத்தில் வரக்கூடாது என்று சண்டை போட்டு விதி கொண்டுவந்ததே பார்கவிதான். கல்யாணம், வீடு, வேலை என்று இருந்ததில் இரண்டாம் பதிப்புக்குப் பிறகு அவளே வினாசுரனை மேசைக்குக் கொண்டுவரவில்லை.

“யார் கண்டுக்கப்போறா?” என்றான் ஹரி.

“சேஷு. அவன் தபால்ல அனுப்பின ராஜாவை அந்த ரூல் வெச்சுத்தான் பார்கவி வெட்டினா. இப்போ அவ ராஜாவை ரூல் இல்லாம விட்டா அவளுக்கே பிடிக்காதுன்னு சொல்றான். அதுவும் சரிதான். ஞாயித்துக்கிழமை நீ வந்து வினாசுரனா உக்காரு. வீட்டுக்காரன் உக்காந்தா யாரும் ஆட்சேபிக்கமாட்டாங்க.” இரண்டாம் பதிப்பின் ஒரு பிரதியை அவன் கையில் திணித்தான். “ஒரே ஒரு ஆட்டம். இல்லேன்னா அந்தப் பக்கத்தை எடுத்துடணும்.”

ஹரி அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தான். எங்கே போறே என்று கேட்டான். சாகணுக்கு என்று தோன்றியது. அதற்கு மேல் ஒரு கேள்வியும் வரவில்லை. அவனால் ஒருவரையும் வாசலில் நிறுத்தமுடியாது. உட்கார்ந்த உடனே வினாசுரன் வீழ்வான். உட்காராவிட்டாலும் போய்விடுவான். அவள் எழுதி அச்சில் வரக்கூடியது அந்த ஒரு பக்கம்தான்.

சனிக்கிழமை தாபோடியில் சாப்பிட்டு முடித்ததும், விசாலம் டப்பாவில் கறி வைத்து அவன் பையைத் திறந்தாள். உள்ளே புத்தகம் இருந்தது. டப்பாவுக்கு இடம் பண்ண அதை வெளியே எடுத்தவள், திறந்திருந்த பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“ஏன்னா, இங்கே வாங்கோளேன். யாரோ உங்களைப் போட்டிருக்கா.”

கோவிந்தராஜன் எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சாய்வு நாற்காலி, மடியில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா. தலையில் சின்னதாக ஒரு ஜோடி கொம்பு. கீழே வினாசுரன் என்ற பெயரும் அவன் கேட்கும் கேள்விகளும்.

“காதுல என்ன இது?”

“முடி” என்றாள் விசாலம்.

“இவ்வளவா இருக்கு எனக்கு?”

விசாலம் கரண்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவர் ஹரி பக்கம் திரும்பினார்.

“யார் போட்டது?”

“பார்கவி.”

“எப்போ?”

“தொண்ணூத்தேழுல, மாமா.”

“எதுக்கு? கொம்பு ஏன்? இந்தப் புஸ்தகம் எத்தனை பேர்கிட்ட இருக்கு? நான் அப்படி என்ன கேட்டுட்டேன் அவளை?”

விசாலம் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரிக்கு ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஆட்டம் என்ன, அரசர்கள் என்ன, வீழ்ந்தால் என்ன ஆகும், நாளைக்கு மேசையில் யாரும் உட்காராவிட்டால் என்ன ஆகும், எல்லாம். ரசத்தை மட்டும் சொல்லவில்லை.

“நீங்க கேப்பேளா நாளைக்கு?”

“எனக்கு வராது, மாமா.”

“வராதுதான்” என்றார் கோவிந்தராஜன். “உங்களுக்குப் பதில் சொல்லத்தான் வரும்.” குடையைக் கண்களால் தேடினார். “ஆகுர்டிக்கு லோக்கல் எத்தனை மணிக்கு?”

ஞாயிற்றுக்கிழமை காலை ஜம்புவின் ஆகுர்டி ஃபிளாட்டில் அவர் நுழைந்தபோது சேஷு எழுந்தே நின்றுவிட்டான். படத்தில் இருந்தது உள்ளே வந்தால் யார்தான் நிற்கமாட்டார்கள். மடிப்புக் கலையாத பேண்ட், இரண்டு பேனா, குடை.

“எழுதினவர் இல்லையே இவர்” என்று ஜம்பு இழுத்தான்.

“எழுதினது அவரைப் பார்த்துத்தானே” என்றாள் பாத்திமா. “இதைவிட என்ன வேணும் உனக்கு?”

சேஷுவும் தலையாட்டினான். ஹரி போர்வீரனாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். ஜம்பு நடுவர். கோட்டை வாசலை வர்ணித்தான்.

முதலில் சேஷுவின் பூசாரி போனான். எந்தக் கோயில் என்று கோவிந்தராஜன் கேட்டார். மலைக்கோயில் என்றான். மலைக்கோயிலில் சாயங்காலப் பூஜையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய்? சிஷ்யனிடம். சாவி அவனிடமா உன்னிடமா? என்னிடம். அப்படியானால் அவன் எப்படிக் கோயிலைத் திறப்பான்?

சேஷு பகடையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். “நான் போய்ச் சாவியைக் குடுத்துட்டு வரேன்” என்றான்.

“போய்ட்டு வா. பாத்துப் போ, மழை வரும்.”

அடுத்து பாத்திமாவின் திருடி.

“தனியாவா வந்தே?”

“ஆமா அங்கிள்.”

“ஆத்துல சொல்லிட்டு வந்தியா?”

“திருடி, அங்கிள். சொல்லிட்டு வரமாட்டா.”

“அப்போ தேடமாட்டாளா? சாப்பிட்டியா? எங்கே சாப்பிட்டே? ராத்திரி இந்தப் பக்கம் பஸ் கிடையாதே, எதுல திரும்புவே?”

பாத்திமா பகடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “எங்க வாப்பா மேலப்பாளையத்துலேர்ந்து போன் பண்ணி இதையேதான் கேக்காக. அங்கயும் ஜெயிச்சதில்ல, இங்கயும் ஜெயிக்க முடியாது. விடுங்க.”

ஹரியின் முறை வந்தது. போர்வீரன் வாசலில் வந்து நின்றான்.

“என்ன உத்தியோகம்?” என்றார் கோவிந்தராஜன்.

“காவல்.”

“வேலை நேரம் எப்படி?”

“மாறி மாறி வரும்.”

“அங்கே பாம்பு உண்டாமே?”

ஹரி நிமிர்ந்து பார்த்தான். வேண்டுமென்றுதான் கேட்கிறார் என்பது தெரிந்தது. வண்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வாய், தாத்தாவுக்கு இருமல் எப்படியிருக்கிறது. வராந்தாவில் வந்த வரிசையிலேயே வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, வரிசையின் கடைசியில் என்ன நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

“உள்ளே இருக்கறவளுக்கு ஒரு ரசம்கூட வைக்கத் தெரியாது. தெரியுமோ?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இன்னும் நூறு கேள்வி கேட்பார். வினாசுரன் நிற்பான், பக்கம் நிற்கும்.

“மாப்பிள்ளை, கேக்கறேனே.”

“யோசிக்கிறேன், மாமா.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பதில் உங்களுக்குத் தெரியும்.”

“சொன்னா நீங்க விழுந்துடுவேள். புஸ்தகத்துலேர்ந்தே போயிடுவேள்.”

மற்ற மூவரும் இவனைப் பார்த்தார்கள். கோவிந்தராஜன் முன்னால் சாய்ந்தார். அவர் முகம் சிவந்திருந்தது, கண் பளபளத்தது. இரண்டு வருடமாக ஹரி அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

“பாவம் பாத்து விட்டுக்குடுத்தா நான் ஆட வரலை. அவளும் விட்டுக்குடுத்து ஆடினவ இல்லை. ஒழுங்கா பதில் சொல்லுங்கோ.”

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல ஹரியால் முடியவில்லை.

“எனக்கு வைக்கத் தெரியும், மாமா.”

கோவிந்தராஜன் பின்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். ஜம்பு மணல் கடிகாரத்தைத் தலைகீழாக வைத்தான். வேறு வழியில்லை, அதுவும் விதி. மணல் தீர்வதற்குள் கேள்வி வராவிட்டால் முடிந்தது. மணல் இறங்கிக்கொண்டிருந்தது. ஹரி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தானே அவளுடைய அரசனை முடித்துவிட்டோம் என்று நினைத்தான்.

“காபி சாப்பிடறேளா?” என்றார் கோவிந்தராஜன்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. கடிகாரத்தின் கீழ்க்குடுவையில் இன்னும் மணல் விழுந்துகொண்டிருந்தது.

“இது கேள்வியா அங்கிள்?” என்றான் சேஷு.

“பின்னே? பதில் சொல்லணுமோ இல்லையோ? உன்னையே கேக்கறேன், சொல்லு. சாப்பிடறியா வேண்டாமா?”

“சாப்பிடறேன்.”

“சக்கரை?”

“கொஞ்சமா.”

“டிகாக்ஷனா, பவுடரா?”

“போதும் அங்கிள், ஒத்துக்கறேன். கேள்விதான்.”

கோவிந்தராஜன் ஹரியிடம் திரும்பினார். “அன்னிக்கும் இதைக் கேட்டேனே.”

“கேக்கலை மாமா. நீங்க ஒண்ணுமே பேசலை.”

“கேட்டேன். விசாலத்தைக் கேளுங்கோ, சாட்சி இருக்கு. நீங்களும் சாப்பிடறேன்னு தலையாட்டினேள். ஆனா காதுல எங்கே விழுந்தது? ஜன்னல்ல நின்னுண்டிருந்தவளைப் பாத்துண்டிருந்தேள்.”

பாத்திமா மேசையைத் தட்டிச் சிரித்தாள். ஹரிக்கும் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ வந்தது, நிற்கவில்லை. ஜம்பு அவனுக்குத் தண்ணீர் கொடுத்தான்.

“அப்போ கணக்கு என்ன?” என்றான் ஜம்பு. “விழுந்தாரா இல்லையா?”

“கேள்வி தீரலையே” என்று சேஷுவே சொன்னான். “விழலை.”

“விழலை. ஆனா கதவைத் திறந்துட்டேன், எழுதிக்கோ” என்றார் கோவிந்தராஜன். “இவர் உள்ளே போகலாம்.”

பத்து வருடத்தில் முதல்முறையாக அந்தக் கோட்டைக்குள் ஒருவன் போனான். ஜம்பு பேனாவை எடுத்துக்கொண்டு, “உள்ளே என்ன இருக்கு அங்கிள்?” என்றான்.

“நான் வாசல் வரைக்கும்தான். உள்ளே இருந்தது இவருக்குத்தான் தெரியும்.”

எல்லோரும் ஹரியைப் பார்த்தார்கள். ஹரி சொன்னான். முதலில் மெதுவாக. ஒரு சமையலறை, அடுப்பில் ஏதோ தீய்கிறது, அதைக் கவனிக்காமல் ஒருத்தி தரையில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் காகிதம். ஃபேன் போட்டால் பறக்கும் என்று போடவிடமாட்டாள். வேர்த்துக் கொட்டும். ஜம்பு எழுதி எழுதி இன்னொரு தாள் எடுத்தான்.

தசராவுக்கு மூன்றாம் பதிப்பு வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் மீட்டர் மோகினி. உள்ளே வினாசுரன், படமும் பார்கவியின் பெயருமாக. மீட்டர் மோகினியை விட்டால் மூன்று பதிப்புகளிலும் இருக்கிறவன் அவன் மட்டுமே. கீழே புதிதாக ஒரு வரி: இவன் இதுவரை ஒருவருக்குக் கதவு திறந்திருக்கிறான்.

அச்சாவதற்கு முன்பே காது முடியை எடுத்துவிடும்படி கோவிந்தராஜன் ஜம்புவிடம் இரண்டு தடவை போனில் கேட்டார். ஒரிஜினல் படம், கை வைக்கக்கூடாது என்று ஜம்பு மறுத்துவிட்டான். அவர் சலூனுக்குப் போய் வந்தார். பிறகு தாபோடியில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்து, படத்தையும் தன் காதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கேஸ்காரனிடம் சிலிண்டரை இரண்டு தடவை எடை போடச் சொன்னதாக விசாலம் சந்தோஷமாகக் குறைப்பட்டுக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஹரி சாகண் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“எங்கே இருக்கேள்?” என்றார் கோவிந்தராஜன்.

“சாகண்ல, மாமா.”

“யாரோட?”

“தனியாத்தான்.”

“எப்போ வருவேள்? பஸ் வந்துடுத்தா? ஏன் வரலை? அங்கே நிழல் இருக்கா?”

பஸ் வந்தது. ஹரி போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறினான், பதில் சொல்லிக்கொண்டே.